பெரிய பேட்டரி அல்ல, சின்ன பேட்டரிதான் படுத்தும்: ஹைப்ரிட் கிராஸ்ஓவர் கேள்வி – பதில்

கே: ஐந்து பேர் கொண்ட குடும்பம். இருக்கிற பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கிராஸ்ஓவர் (எஸ்யூவி போல உயரமான கார்) வாங்கலாம் என்று இருக்கிறோம். ஒரே மாடலில் பெட்ரோலைவிட ஹைப்ரிட் விலை மிக அதிகம். கூடுதலாகப் போடும் பணம் திரும்பி வருமா?

ப: வித்தியாசத்தைப் பணமாகப் பார்க்காமல் லிட்டராக மாற்றிப் பாருங்கள், குழப்பம் தீரும். இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுங்கள். விடை 1,600 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் 1,071 லிட்டர் செலவு. ஹைப்ரிட் 20 கொடுத்தால் 750. ஆண்டு மிச்சம் 321 லிட்டர், அதாவது போட்ட பணம் 5 ஆண்டில் வந்துவிடும். அதே காரை ஆண்டுக்கு 8,000 கி.மீ. மட்டும் ஓட்டினால் 9 ஆண்டுக்கு மேல் ஆகும்.

மைலேஜ் எண்ணில் ஒரு கண்கட்டு இருக்கிறது. லிட்டருக்கு 10 கொடுக்கும் காரிலிருந்து 14 கொடுப்பதற்கு மாறினால் 15,000 கி.மீ.க்கு 429 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 28-க்குத் தாவினாலோ 214 லிட்டர்தான். ஏற்கெனவே சிக்கனமான கார் வைத்திருப்பவர் ஹைப்ரிட்டால் பெரிதாகச் சம்பாதிக்கப் போவதில்லை.

கணக்கில் போட வேண்டிய மைலேஜ் எது என்பது உங்கள் ரூட்டைப் பொறுத்தது. நின்று நின்று போகும் நெரிசலில்தான் ஹைப்ரிட் ஜெயிக்கும். பிரேக் அடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து பேட்டரியில் போட்டு, அடுத்த நகர்தலுக்கு அதையே செலவழிக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். உயரமான கிராஸ்ஓவர் உடலுக்கு இது இன்னும் பாதகம். வாரம் முழுக்க நெடுஞ்சாலை என்றால், வித்தியாசத் தொகையை நல்ல டயருக்கும் சர்வீஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை.

கே: மைல்ட், ஃபுல், பிளக்-இன் எல்லாவற்றையும் ஹைப்ரிட் என்றே விற்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

ப: மைல்ட் ஹைப்ரிட்டின் மோட்டார், பெரும்பாலும் 48 வோல்ட் அல்லது அதற்குக் கீழ், இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை ஓட்டாது. ஃபுல் ஹைப்ரிட்டில் 1 முதல் 2 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. வெளியே சார்ஜ் செய்ய வேண்டாம், இன்ஜின் அணைந்த நிலையிலும் கார் நகரும். வெளியே சார்ஜ் போடும் பிளக்-இன்னில் பேட்டரி பெரும்பாலும் 10 யூனிட்டுக்கு மேல். தினமும் சார்ஜ் போட இடம் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். சார்ஜ் போடாமல் ஓட்டினால் பெரிய பேட்டரியைச் சும்மா சுமந்து திரிவதுதான் மிச்சம்.

சோதனை எளிது. சமதரையில் பிரேக்கை மெல்ல விடுங்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் கார் உருண்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அப்படியே போனால் அது மைல்ட் இல்லை.

கே: டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்? ஷோரூமில் பத்து நிமிடம்தான் தருகிறார்கள்.

ப: பத்து நிமிடம் போதாது. கேட்டால் நீட்டித்துத் தருவார்கள். முடிந்தால் காரில் ஏற வேண்டிய ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஆள் ஏறினால்தான் ஹைப்ரிட்டின் குணம் தெரியும்.

முதலில் நீண்ட மேடு. ஃபுல் ஹைப்ரிட்டின் பேட்டரி பிடிக்கும் மின்சாரம் குறைவு, ஏற்றத்தில் சீக்கிரம் காலியாகி, பாரம் முழுவதும் இன்ஜின் மேல் விழும். இ-சிவிடி (படிப்படியாக கியர் மாறாத தானியங்கி கியர்பாக்ஸ்) வகையில் அப்போது இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும், வேகம் மெல்லத்தான் ஏறும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பு. ஆனால் தினமும் மலைப்பாதையில் போகிறவருக்கு அந்தச் சத்தம் ஒத்துவருமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்து, 60-லிருந்து 100-க்கு முந்திச் செல்லும் வேகம். பிறகு, 20 கி.மீ.க்குக் கீழே மிக மெதுவாக நிறுத்திப் பாருங்கள். மோட்டார் பிரேக்கிலிருந்து சாதா பிரேக்குக்கு மாறும் இடத்தில் சில கார்கள் வெடுக்கென்று பிடிக்கும். அது பழகிவிடும் என்று விற்பவர் சொல்வார். பின்சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தைக்குப் பழகாது.

வண்டி நின்றிருக்கையில் ஏசியை முழு வேகத்தில் வைத்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் கிளம்புகிறது என்று கேளுங்கள்.

கடைசியாக டிக்கி. பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கி தரைக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். பெட்ரோல் மாடலில் இருக்கும் ஸ்டெப்னி ஹைப்ரிட்டில் காணாமல் போய், பஞ்சர் கிட் மட்டும் இருக்கலாம். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். ஆல் வீல் டிரைவ் என்று எழுதியிருந்தால் பின்சக்கரத்தை எது ஓட்டுகிறது என்று கேளுங்கள். பல ஹைப்ரிட்களில் இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டே கிடையாது, தனியாக ஒரு சிறு மோட்டார்தான். ஈரச் சாலையில் வழுக்காமல் கிளம்ப அது போதும். சேற்றுக்குள் இறங்காதீர்கள்.

கே: பேட்டரி போனால் கார் விலையில் பாதி போய்விடும் என்கிறார்களே?

ப: காரை ஓட்டும் பெரிய பேட்டரியைப் பற்றிய இந்த பயம் கொஞ்சம் மிகை. அதை முழுதாக ஏற்றவும் விடாமல் முழுதாக வடியவும் விடாமல், நடுவில் ஒரு பகுதியை மட்டும் கார் பயன்படுத்துகிறது. ஆயுள் நீள்வது அதனால்தான். 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி பரவலாகக் கிடைக்கிறது. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய பேட்டரிக்கு எமன் வெப்பம். காற்றால் குளிரும் பேட்டரிகளுக்குப் பின்சீட்டு ஓரத்திலோ அடியிலோ ஒரு சல்லடை போன்ற திறப்பு இருக்கும். அதன் மேல் பையோ போர்வையோ கிடந்தால் காற்று உள்ளே போகாது. உள்ளே இருக்கும் ஃபில்டரில் தூசியும் நாய் முடியும் அடைத்தாலும் அதே கதிதான். ஒவ்வொரு சர்வீஸிலும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் தொடவே மாட்டார்கள்.

உண்மையில் வண்டியை நடுவழியில் நிறுத்துவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சை (ரிலே) இயக்குவதும் அதன் வேலை. இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் விட்டாலோ, கார் கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாமல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாலோ அது இறங்கிவிடும். பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் அசையாது. எடுக்காத காலத்தில் வாரம் ஒருமுறையாவது 'ரெடி' நிலையில் ஒரு மணி நேரம், திறந்த வெளியில், விட்டு வையுங்கள். இறங்கிவிட்டால் ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாம். கையேட்டில் காட்டிய முனைகளில் மட்டும். இன்னொரு காருக்கு இதிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன.

கே: சர்வீஸ் செலவு குறையும் என்பது உண்மையா?

ப: பாதி உண்மை. டொயோட்டா பாணி ஹைப்ரிட்டில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கிளட்ச் மூன்றும் கிடையாது. பெயரில் சிவிடி இருந்தாலும் பெல்ட்டும் இல்லை, பல்சக்கரங்கள்தான். பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிகம் பயன்படாததாலேயே டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை அழுத்தும் காலிப்பரின் நகரும் ஊசி (பின்) இறுகும். ஒரு சக்கரத்தில் மட்டும் பேட் தேயத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போட வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றிக் காற்று எடுக்கப் பல மாடல்களில் காரின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேன் கருவி தேவை.

குறுந்தூரம் மட்டும் ஓடினால் இன்ஜின் சூடாகாமலே அணைந்து அணைந்து போகும். இன்ஜின் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். கி.மீ. ஆகவில்லை என்று தள்ளிப் போடாமல் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் டப்பா உண்டு. குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கசிவைத் தேடுங்கள்.

கே: ஆறு வருடப் பழைய ஹைப்ரிட் வாங்கலாமா?

ப: ஸ்கேனரை மாட்டி, ஓட்டும்போதே பேட்டரித் தொகுதி ஒவ்வொன்றின் வோல்டேஜையும் பாருங்கள். மற்றவற்றோடு சேராமல் ஒன்று மட்டும் ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டாலும் சில அடையாளங்கள் கண்ணில் படும்: சார்ஜ் காட்டி நிமிடங்களில் மேலும் கீழும் தாவுவது, பின்சீட்டு ஃபேன் ஓயாமல் இரைவது. அடியில் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019-ல் வந்த தலைமுறை டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட்டில், பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில், பின் மோட்டார் கேபிளின் இணைப்பு அரித்த புகார்கள் எழுந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டி என்ற சந்தேகம் வந்தால் பேரமே வேண்டாம்.

கே: சிக்னலில் நியூட்ரலில் போடலாமா?

ப: வேண்டாம். பல ஹைப்ரிட்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஏறாது. டி (டிரைவ்) நிலையிலேயே பிரேக் பிடித்து நில்லுங்கள்.

கே: வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

ப: சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகும், உள்ளே சேதம் வரும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரி மேல் ஏற்றச் சொல்லுங்கள். முன்சக்கர டிரைவ் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். பின் மோட்டார் இருந்தால் அதுவும் கூடாது.