கிண்ணத்தின் அடியில் எழுதியிருப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஏப்ரலில் கணவரின் வேலை விஷயமாகக் கியோட்டோ போயிருந்தோம். 21ஆம் தேதி தோஜி கோயிலில் கூடும் சந்தையில், நீலப் பூவேலை செய்த சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்றை 4,000 யென் கொடுத்து வாங்கினேன். எடோ காலத்தது (1603–1868) என்றார் கடைக்காரப் பெரியவர். ஊருக்கு வந்து, அடியில் இருந்த ஆறு எழுத்துகளைக் கைப்பேசியில் மொழிபெயர்த்தால், 'மகா மிங், செங்குவா ஆண்டுகளில் செய்தது' என்று வருகிறது. பழம்பொருள் சேர்க்கும் உறவினர் ஒருவர், "போலி, நன்றாக ஏமாந்திருக்கிறாய்" என்றார். கிண்ணத்தை அலமாரிக்குள் தள்ளிவிட்டேன். நவம்பரில் மறுபடி போகிறோம். இனி எதையும் வாங்காமல் இருப்பதுதான் நல்லதா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

முதலில் கிண்ணத்தை வெளியே எடுங்கள். நீங்கள் ஏமாந்ததாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை.

ஜப்பானில் பீங்கான் செய்யத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கியூஷு தீவின் அரித்தா என்ற ஊரில், கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களின் கைகளால் அது தொடங்கியது. அதுவரை நல்ல பீங்கான் என்றால் சீனாவிலிருந்து வருவது. அங்கே மிங் அரசர்கள் ஆண்ட காலத்தின் செங்குவா ஆண்டுகள் (1465–1487) அதற்குப் பேர்போனவை. அதனால் அரித்தா குயவர்கள் தங்கள் கிண்ணங்களின் அடியிலும் அந்தப் பெயரை எழுதினார்கள். அது தேதி இல்லை. பூவேலையைப் போல அதுவும் ஒரு அலங்காரம். 'மகா மிங் ஆண்டில் செய்தது' என்று நான்கே எழுத்தாகச் சுருங்கியதும் உண்டு. கடைக்காரர் அந்த எழுத்தைக் காட்டி மிங் காலம் என்று விற்றிருந்தால் உங்கள் உறவினர் சொன்னது சரி. அவரோ எழுத்தை விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்து எடோ என்றிருக்கிறார்.

அவர் சொன்னதையும் நீங்களே சோதிக்கலாம். பூவேலையை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். தூரிகையால் வரைந்தது என்றால் நீலம் ஓரிடத்தில் தேங்கியும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்து, ஏதோ ஒரு இடத்தில் கோலம் சேராமல் வெட்டுப்பட்டால், அது அச்சுத்தாள் ஒட்டி எடுத்தது. பெரும்பாலும் மெய்ஜி காலம் (1868–1912) அல்லது அதற்குப் பிறகு. அப்படியே இருந்தாலும் வருத்தப்பட வேண்டாம். அந்த அச்சு வேலையால்தான் பூப்போட்ட பீங்கான் சாதாரண வீடுகளின் சாப்பாட்டுக்கு வந்தது. எனக்கு அவை மிகவும் பிடிக்கும்.

விரிசல் இருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். உடைந்ததைத் தங்கப்பொடி தூவி ஒட்டும் கின்சுகி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எடோ நகரத் (இன்றைய தோக்கியோ) தெருக்களில் அன்றாடக் கிண்ணங்களை ஒட்டியது வேறு ஆட்கள். கண்ணாடிப் பொடியைக் குழைத்து உடைந்த இடத்தில் தடவிச் சூடாக்கி ஒட்டுவார்கள். யாகித்சுகி என்று பெயர். ஒட்டியபின் அடியில் சிவப்பில் ஒரு அடையாளம் எழுதுவதும் உண்டு. அப்படி ஒரு கிண்ணம் கிடைத்தால் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். யாரோ ஒரு வீட்டில் அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் காசு கொடுத்து ஒட்ட வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், நவம்பர். தோஜி சந்தை மாதாமாதம் 21ஆம் தேதி, கோபோ தைஷி என்ற துறவி கூக்காயின் நினைவு நாளில் கூடுகிறது. அவர் மறைந்தது 835இல். அதே கியோட்டோவில் 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயிலில் இன்னொரு சந்தை. இரண்டுக்கும் நடுவே நான்கே நாள். பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் போங்கள், ரொக்கமாக எடுத்துப் போங்கள். நம் ஊர்ப் பேரம் அங்கே எடுபடாது. "சுகோஷி யசுகு நரிமாசு கா" (கொஞ்சம் குறையுமா) என்று ஒருமுறை மென்மையாகக் கேட்கலாம். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

துணிக் கடைகளை மட்டும் தவற விடாதீர்கள். பழைய பருத்தித் துண்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். அதில் அடர்நீலத்தில் சிவப்போ பழுப்போ ஓடும், மிக மெல்லிய கோடு போட்ட துணி இருக்கிறதா என்று பாருங்கள். 'சந்தொமே' என்று பெயர் சொல்வார்கள். நம் சாந்தோம்தான். மயிலாப்பூரை அடுத்த சாந்தோமை வைத்துத்தான் சோழமண்டலக் கரையை ஜப்பானில் அறிந்திருந்தார்கள். அங்கிருந்து கப்பலேறிய கோட்டுத்துணி எடோ காலத்தில் ஜப்பானியர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு அவர்களே நெய்யத் தொடங்கினார்கள். தோக்கியோவை அடுத்த கவாகோயே அதற்குப் பெயர்பெற்ற ஊர். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் நெய்தவை. பெயர் மட்டும் நம் கடற்கரையுடையது, உங்கள் கிண்ணத்துக்கு மிங் பெயர் வந்ததைப் போல.

என்னிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு இருக்கிறது. கித்தானோவில், மழை தூறிய ஒரு காலையில் வாங்கியது. கடைக்கார அம்மா 'சந்தொமே' என்றதும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் நிதானமாகத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு வேறு எந்தக் கடைக்கும் போகத் தோன்றவில்லை.