ஒரு ராத்திரிக்கு இருபத்திரண்டாயிரமா?

கேள்வி: மதுரையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஐந்து பேர் நாங்கள். டிசம்பரில் தேக்கடி போய், பெரியாறு புலிகள் காப்பகத்தின் ‘டைகர் ட்ரெயில்’ நடையில் ஒரு ராத்திரி காட்டில் தங்கி, கிளம்பிய இடத்துக்கே திரும்புவதாகத் திட்டம். யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், 60 லிட்டர் பை, ஷூ, மழைக்கோட்டு, ஹெட்லேம்ப், கேஸ் அடுப்பு, ஜி.பி.எஸ். கடிகாரம் என்று பட்டியல் போட்டதில் தலைக்கு 22,000 ரூபாய் வருகிறது. எதைக் குறைக்கலாம்?

பதில்: டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு மூன்றையும் முதலில் அடித்துவிடுங்கள். அந்த நடையில் கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் நடத்துகிறவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். இந்த வருஷம் கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிவிட்டுக் கேட்பதுதான் நம் ஆட்களின் வழக்கம்!

கடிகாரத்தையும் அடியுங்கள். வழிகாட்டிகளாக வருகிறவர்கள் ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்துக்கொண்டிருந்தவர்கள். 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களையே ஒரு குழுவாக்கி இந்த வேலையைக் கொடுத்தது. அவர்களுக்குத் தெரியாத தடம் உங்கள் கையில் கட்டியிருக்கும் கருவிக்குத் தெரியப்போவதில்லை.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் காலுக்குச் செலவழியுங்கள். ஷூ மட்டும் இரவல் வேண்டாம். மச்சானின் ட்ரெக்கிங் ஷூ ஆறு வருஷமாகப் பரணில் புதுசாகவே இருக்கிறதே என்று நான் கொல்லிமலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளில் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, வலது கால் சோல் வாயைப் பிளந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. நிறைய ஷூக்களில் நடு சோல் பாலியூரித்தேன் என்கிற நுரைப்பொருள். காற்றில் இருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்ல அரிக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷங்களில் பொடிந்துவிடும். தள்ளுபடி விலையில் பழைய இருப்பைத் தள்ளிவிடும் கடைகளில் தயாரிப்புத் தேதியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் அளவுதான் மலையில் இருக்கப்போகும் அளவு. நடைக்குப் போடப்போகும் தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ ஷூவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓடையில் கால் வைத்தால் தண்ணீர் மேல் வழியாகத்தான் உள்ளே வரும், வந்தது சீக்கிரம் வெளியே போகாது.

பை விஷயத்தில் 60 லிட்டர் அதிகம். டென்ட் இல்லாதபோது 40 லிட்டரே தாராளம். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் விடமாட்டோம். கனம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். ஆகவே இடுப்புப் பட்டை தடிமனாக, மெத்தை வைத்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே எட்டு கிலோ அளவுக்கு எதையாவது உள்ளே போடச் சொல்லிப் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். முறைத்தால் வேறு கடை. பையோடு வரும் ரெயின் கவரை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாக மழை உள்ளே இறங்கும். பைக்குள் ஒரு தடித்த, பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளைத் திணியுங்கள், போதும். அந்தப் பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று வேண்டும். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் ஒதுங்கப் போனால் ஒரு கை போதாது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் மழைத் தூறலைத் தாங்கும், அதற்கு மேல் தேவையில்லை. லூமன் (வெளிச்ச அளவு) எண்ணிக்கையில் போட்டி போடும் விளம்பரங்களை விட்டுத்தள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று: அட்டைக்கடி சாக்ஸ். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணி உறை. அவர்களே தருவார்களா என்று கேளுங்கள், தராவிட்டால் வாங்குங்கள். 22,000 ரூபாய்ப் பட்டியலிலேயே மலிவான பொருள் இதுவாகத்தான் இருந்திருக்கும், இதைப் போய் விட்டுவிட்டீர்களே!

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு குழுவுக்கு, மலைக்காட்டில் ஒரு ராத்திரி கேம்ப்பிங் என்று நண்பர்கள் நால்வரும் தலைக்கு 2,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். வனத்துறை அனுமதிச் சீட்டைக் கேட்டால், “அதெல்லாம் எங்கள் பொறுப்பு” என்கிறார்கள். விலகினால் பணம் திரும்பக் கிடையாதாம். என்ன செய்வது? (கோவை வாசகர்)

பதில்: போகாதீர்கள். பணத்தை அப்புறம் பார்ப்போம்.

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் ஏற்பாட்டாளரோடு நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். அபராதத்தைவிடப் பெரிய கவலையும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். எத்தனை பேர், எந்தத் தடம், எந்தத் தேதி என்று வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் ஆபத்து வரும்போது தேடிக்கொண்டு வருவார்கள். அந்த விவரம் அனுமதிச் சீட்டில்தான் இருக்கும்.

இனி பணம். “அனுமதிச் சீட்டின் நகலைக் காட்டுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள்” என்று ஒரு தேதி குறித்து எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசுவது கணக்கில் வராது. யு.பி.ஐ. ரசீது, அவர்களுடைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் நாளைக்கே காணாமல் போகலாம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏற்பாட்டாளர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அனுமதி இருப்பதாக நம்பவைத்துப் பணம் வாங்கியவர், “பணம் திரும்பக் கிடையாது” என்று ஒரு வரி எழுதிவைத்ததாலேயே தப்பித்துவிட முடியாது.

சட்டப்படி நடக்க ஆசையென்றால் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கியது. இணையத்திலேயே பதிவு செய்யலாம். ராத்திரித் தங்கலை அதில் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் பகல் நடைதான்.

கேள்வி: ‘0 டிகிரி’ என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கி, கொடைக்கானலில் 8 டிகிரி குளிரிலேயே விடிய விடிய நடுங்கினேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். தரச்சோதனை செய்த பையில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைசி எண் உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. அந்த எண்ணைத்தான் சில விற்பனையாளர்கள் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். உங்கள் பையில் 0 என்பது எக்ஸ்ட்ரீமாக இருந்து, விளம்பரத்தில் அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், தவறான விளம்பரம் என்று புகார் செய்ய இடமுண்டு. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில் இருக்கிறதல்லவா?

புகாருக்கு முன் ஒரு கேள்வி: அடியில் என்ன விரித்துப் படுத்தீர்கள்? உடம்பின் கனத்தில் பையின் அடிப்பஞ்சு நசுங்கிப்போகும், தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெறும் தார்ப்பாய்மேல் படுத்திருந்தால் கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு ஃபோம் மேட் வாங்கி, அதே பையில் இன்னொரு ராத்திரி மொட்டைமாடியில் படுத்துப் பாருங்கள். சேலத்தில் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் 30 நாள் முடிந்துவிடும் என்பதால் கடைக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவையுங்கள்.