கடன் வாங்கி டாக்டர் ஆக்குவதற்கு முன்னால்

தர்மபுரி பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகளுக்கு நீட்டில் அரசு சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க் இல்லை, 'நிலத்தை வித்தாவது, கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்பு' என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

அம்மா, கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்றால் படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம், அங்கேயே 12 மாதம் இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், அதற்கப்புறம் இங்கே இன்னொரு வருடம் இன்டர்ன்ஷிப். அதுவரை கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை உங்கள் அண்ணன் கட்டப்போவதில்லை.

மகளிடமும் பேசினேன். டாக்டர் ஆக ஆசையா என்றால் 'மாமா சொல்றாங்க' என்கிறாள். வீட்டில் மோட்டார் மக்கர் செய்தால் பிரித்துப் பார்ப்பது யார் என்று கேட்டபோதுதான் குரலில் உயிர் வந்தது.

நர்சிங், பிசியோ எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். மெஷின் மேல் ஆசை உள்ள பிள்ளைக்கு நான் சொல்வது பி.எஸ்சி. பர்ஃப்யூஷன் டெக்னாலஜி. ஓபன் ஹார்ட் சர்ஜரியில் இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தில், உடம்பு முழுக்க ரத்தத்தை ஓட்டுவது ஹார்ட்-லங் மெஷின். அதை ஓட்டுபவர்தான் பர்ஃப்யூஷனிஸ்ட். இதயத்திலிருந்து டியூப் வழியாக இறங்கும் ரத்தம் பம்பில் தள்ளப்பட்டு, ஆக்சிஜனேட்டரில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, ஃபில்டர் தாண்டி மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய்க்குத் திரும்பும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து கொடுத்திருப்பார்கள், அது போதுமா என்று அடிக்கடி சோதித்துச் சொல்ல வேண்டும். டியூபில் காற்றுக் குமிழி போய்விட்டால் மூளைக்கு ஆபத்து என்பதால் கண் அந்த லைனை விட்டு நகரக் கூடாது. பொறுப்பு அவ்வளவு பெரியது, ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் இந்த மாதிரி பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங் நடந்து வருகிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். விதி மாறக்கூடியது, அதனால் இந்த வருட விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படித்துவிடுங்கள். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் கட்டணத்துக்காக நிலத்தைத் தொட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஊரில்தான் வேலை. தனியாரில் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், நடுராத்திரியில் அழைப்பு வரும்.

ஜிப்மர், எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மாதிரி, பாடமும் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடங்களின் பழைய வேலை அறிவிப்புகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். பதவியின் பெயரைப் பார்த்து மயங்காமல் 'அவசியத் தகுதி' என்ற வரியைப் படியுங்கள்: இந்தப் பட்டமே போதுமா, தனிச் சான்றிதழ் கேட்கிறார்களா, எத்தனை வருட அனுபவம், எந்தத் தேதிக்கு வயது கணக்கு. இன்டர்ன்ஷிப் வருடம் பெரும்பாலும் அனுபவமாகச் சேராது.

கல்லூரியில் சேர்க்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் மருத்துவமனையில் வாரத்துக்கு எத்தனை ஓபன் ஹார்ட் நடக்கிறது, அதில் மாணவர்களை மெஷின் பக்கத்தில் நிற்க விடுவீர்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு பளபளப்பான கட்டடமாக இருந்தாலும் சரி.