ஒரே சதுரங்கப் புதிரில் பல இரட்டைச் செக் மேட்டுகளை அமைப்பது எப்படி? அது வெறும் வித்தைதானே?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. அந்த "வெறும் வித்தை"யைத்தான் ஒரு புதிர்ப் போட்டி நடுவரும் எனக்கு எழுதினார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் ரெட்டி - டார்டகோவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1910, வியன்னா. ராணியை டி8-இல் பலி கொடுத்து, ராஜா அதை வெட்டியதும் டி2 மந்திரியை ஜி5-க்கு நகர்த்தி இரட்டைச் செக், அதாவது மந்திரியும் அதன் பின்னால் இருந்த யானையும் ஒரே நேரத்தில் செக். அடுத்த நகர்த்தலில் மேட். பார்த்த எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பெரிய புதிர் அமைப்பாளர் ஒன்றும் இல்லை. அச்சில் வந்த என் புதிர்களை எண்ண இரண்டு கை தாராளம். "நீ யார் சொல்வதற்கு" என்று கேட்பவர்களுக்காக முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் "பல" என்ற சொல். பின்னால் யானை, நடுவில் குதிரை, எதிரே கறுப்பு ராஜா. குதிரை விலகினால் யானையின் செக். இதைத்தான் பேட்டரி என்கிறோம். குதிரை விலகிப் போய் நிற்கும் இடத்திலிருந்து தானும் செக் கொடுத்தால் இரட்டைச் செக். அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை? பலகையை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். நேர்கோட்டில் குதிரைக்கும் ராஜாவுக்கும் இரண்டு அல்லது நான்கு கட்டத் தூரம் இருந்தால் இரண்டு இடங்கள். வேறு எந்தத் தூரத்திலும் ஒன்றுகூடக் கிடையாது. மூலைவிட்டத்தில் தூரம் ஒன்று அல்லது மூன்று, அங்கேயும் இரண்டுதான். குதிரைக்குப் பதில் மந்திரியை முன்னால் நிறுத்தினாலும் அதிகபட்சம் இரண்டு. யானையை நிறுத்தினாலும் இரண்டு. ராணியை முன்னால் நிறுத்தவே முடியாது, அவள் அந்தக் கோட்டில் நின்றாலே அது செக். சிப்பாய் ராணியாவது, போகிறபோக்கில் வெட்டுவது இவற்றையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

ஆக, ஒரு பேட்டரிக்கு இரண்டு. நான்கு வேண்டுமென்றால் இன்னொரு பேட்டரி வேண்டும். நான் இதுவரை மூன்றுதான் தொட்டிருக்கிறேன்.

ஆனால் எண்ணிக்கை பெரிய கஷ்டம் இல்லை. அந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். கறுப்பு ஒரு நகர்த்தல் செய்தால் வெள்ளைக்கு ஒரே ஒரு மேட்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் அதை டூயல் என்பார்கள், புதிருக்கு அது கறை. சாதாரணச் செக்கில் பிரிப்பதற்கு நிறைய வழிகள் உண்டு: இங்கே வந்தால் வெட்டலாம், அங்கே வந்தால் குறுக்கே காய் வைக்கலாம். இரட்டைச் செக்கில் வெட்டியும் பயனில்லை, குறுக்கே வைத்தும் பயனில்லை. ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எனவே ஒரு மேட்டை இன்னொன்றிலிருந்து பிரிக்க உங்கள் கையில் இருப்பது ராஜாவைச் சுற்றியுள்ள அந்த ஏழெட்டுக் கட்டங்கள் மட்டுமே. ரெட்டி ஆட்டத்தையே எடுங்கள். மந்திரி ஏ5-க்குப் போயிருந்தாலும் இரட்டைச் செக்தான். ஆனால் ராஜா ஈ7 வழியாக நழுவிவிடும். ஜி5-இல் நிற்கும் மந்திரி அந்த ஈ7-ஐப் பார்க்கிறது. வித்தியாசம் அந்த ஒரு கட்டம்.

இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. புரிந்த கையோடு அமைத்ததுதான் என் மானத்தை வாங்கியது.

எலும்புக்கூட்டை மட்டும் தருகிறேன், வைத்துப் பாருங்கள். கறுப்பு ராஜா ஈ8. கறுப்புக் குதிரைகள் பி7, எச்7. வெள்ளைக்கு ஈ1-இல் யானை, ஈ6-இல் குதிரை, பி6-இல் ராணி, எச்6-இல் மந்திரி, சி6, எஃப்6, ஜி6-இல் சிப்பாய்கள், ராஜா எங்கோ ஏ1 மூலையில். வெள்ளைக் குதிரை விலகினால் மேட் என்று மிரட்டல். இப்போது கறுப்பின் முறை. பி7 குதிரை டி8-க்கு வருகிறது. இனி வெறும் யானைச் செக் கொடுத்தால் அந்தக் கறுப்புக் குதிரை ஈ6-இல் குறுக்கே விழும். ஆனால் டி8-ஐத் தன் காயாலேயே அடைத்துக்கொண்டது அல்லவா? உடனே வெள்ளைக் குதிரை சி7-க்கு, இரட்டைச் செக், மேட். மறுபக்கம் எச்7 குதிரை எஃப்8-க்கு வந்தால் வெள்ளைக் குதிரை ஜி7-க்கு, மேட். மாற்றிப் போட்டால் நடக்காது. குதிரை சி7-இல் நின்றால் ராணி டி8-ஐப் பார்க்கும் கோடு அடைபடுகிறது, ஜி7-இல் நின்றால் மந்திரி எஃப்8-ஐப் பார்க்கும் கோடு. அதனால் அதற்கு இது, இதற்கு அது. கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கம்.

மூன்று வாரம் சரிபார்த்தேன். சி7-ஐயும் ஜி7-ஐயும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அப்புறம் ஒரு போட்டிக்கு அனுப்பினேன்.

பதில் மூன்று வரி. "டி8-க்கு வந்த குதிரையை ஈ6 குதிரை வெட்டினாலும் மேட். எஃப்8-லும் அப்படியே. மிரட்டலும் ஒன்றல்ல, குதிரை போகக்கூடிய எட்டுக் கட்டங்களில் ஆறில் மேட், வெறும் வித்தை."

வெட்டிப் பார்த்தேன். மேட்தான். டி8-இல் நிற்கும் வெள்ளைக் குதிரைக்கு ராணி காவல், ஈ-வரிசையில் யானைச் செக், குறுக்கே விழ இருந்த கறுப்புக் குதிரையே பலகையில் இல்லை. சதுரங்கம் கற்ற முதல் வாரத்தில் ஒரு குழந்தை பார்க்கும் நகர்த்தல். இரட்டைச் செக்கையே பார்த்துப் பார்த்து எனக்குச் சாதாரண வெட்டு கண்ணில் படவில்லை. ஏன் கணினியில் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பாப்பாய் (Popeye) மாதிரி இலவச நிரல் ஒரு நொடியில் சொல்லியிருக்கும். கையாலேயே சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு இப்போது இல்லை.

நடுவர் மேல் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டூயல் என்று சொன்னது நியாயம். "வித்தை" என்று சொல்லியிருக்க வேண்டாம். பிழை இருந்தால் பிழை என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல்லால் ஏழெட்டு மாதம் பலகையைத் தொடவில்லை.

திரும்பி வந்தபோது செய்தது சின்ன மாற்றம்: குதிரையை இரண்டு கட்டம் பின்னால் இழுத்தேன், ஈ6-லிருந்து ஈ4-க்கு. மேலே சொன்ன நான்கு கட்டத் தூரம். இனி அது இரட்டைச் செக் கொடுப்பது டி6, எஃப்6 இரண்டிலிருந்தும். அதற்கேற்ப மற்ற காய்களும் மாறின: ஈ1-இல் ராணி, டி1-லும் எஃப்1-லும் யானைகள்; டி8, எஃப்8 கட்டங்களை வேறு காய்கள் பார்த்துக்கொள்கின்றன. குதிரை டி6-இல் நின்றால் டி1 யானையின் கோடு அடைபட்டு டி7 திறக்கிறது, எஃப்7-ஐக் குதிரையே பார்க்கிறது. எஃப்6-இல் நின்றால் இதன் நேர் எதிர். எனவே கறுப்பு தன் காயால் டி7-ஐ அடைத்தால் டி6-இல் மட்டும் மேட், எஃப்7-ஐ அடைத்தால் எஃப்6-இல் மட்டும். இந்தத் தடவை அடைக்க வந்த காயை என் குதிரையால் தொடவே முடியாது, ஈ4-லிருந்து டி7-க்கும் எஃப்7-க்கும் வழி இல்லை. எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! கறுப்பின் மற்ற நகர்த்தல்களை அடைத்து, மிரட்டலை ஒன்றாகக் குறைத்து, இன்னொரு பேட்டரியிலிருந்து மூன்றாவது இரட்டைச் செக்கையும் சேர்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சிறிய இதழ் ஒன்றில் பாராட்டுக் குறிப்போடு வந்தது. முதல் பரிசெல்லாம் இல்லை.

வந்த பிறகு நடந்தது வேறு கதை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் புதிரை யாரோ படமெடுத்து, பலகையை இடவலமாகத் திருப்பி, "நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரால் முடியாது" என்று தலைப்பு வைத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். என் நண்பர் ஒருவரே எனக்கு அனுப்பி, "இதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். அமைத்தவர் பெயர் எங்கும் இல்லை. படத்துக்குக் கீழே புதிருக்கும் பெயர் போடுவது என்ன அவ்வளவு கஷ்டமா? கவிதையை இப்படிப் போட்டால் கேள்வி கேட்கிறோம். இதில் இன்னொரு ரகம் உண்டு, "ஆட்டத்தில் இப்படியெல்லாம் நிலை வரவே வராது, உங்கள் ரேட்டிங் என்ன?" என்பார்கள். வராதுதான். அதற்காகத்தானே அமைக்கிறோம். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1972-இலேயே புதிர் அமைப்பவர்களுக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. முதல் தடவை வாங்கியவர்களில் ஒருவர் கம்மின்ஸ் மான்ஸ்ஃபீல்ட். அவரிடம் போய் ரேட்டிங் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

சரி, உங்கள் விஷயம். முதல் முயற்சியிலேயே நான்கு வேண்டாம். ஒரு பேட்டரி, இரண்டு மேட், அவற்றைப் பிரிக்கும் இரண்டு கட்டங்கள், அவ்வளவோடு நிறுத்துங்கள். குதிரையை ராஜாவிலிருந்து நான்கு கட்டம் தள்ளி வையுங்கள். நிரலில் போட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரல் கையில் இல்லாவிட்டால் இரட்டைச் செக்கை மறந்துவிட்டு, அடைக்க வந்த காயைச் சும்மா வெட்டிப் பாருங்கள். இப்போதெல்லாம் யார் புதிர் அனுப்பினாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.