ஸ்வீடனில் ஒரு செமஸ்டர்: எந்தப் பருவம், எவ்வளவு பணம், எங்கே சறுக்கும்?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன், இப்போது நாலாவது செமஸ்டர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஆறாவது செமஸ்டரில் போவதா, ஏழாவதிலா? வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்? அங்கே போனபின் எதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

பதில்: ஆறாவதில் போங்கள். ஸ்வீடனில் வசந்தப் பருவம் ஜனவரி நடுவில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நடக்கும். உங்கள் ஐந்தாவது செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். கிளம்பிப் போய், ஜூனில் திரும்பி, ஏழாவது செமஸ்டரில் கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும்போது கையில் மதிப்பெண் பட்டியலோடு நிற்கலாம். இலையுதிர் பருவம் அப்படி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை இழுக்கும். கடைசித் தேர்வுகள் பொங்கலை ஒட்டி வரும், இங்கே எட்டாவது செமஸ்டர் தொடங்கியிருக்கும், பிளேஸ்மென்ட்டும் போயிருக்கும். டிசம்பரில் படிப்பு முடிந்துவிடும் என்று நினைத்துக் கிறிஸ்துமஸுக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள்.

வசந்தப் பருவத்துக்கு ஒரே குறை, அவகாசம் குறைவு. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் அக்டோபர் நடுப்பகுதி. சேர்க்கைக் கடிதம் வர நவம்பர் ஆகலாம். அதற்குப் பிறகுதான் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். எனவே கடிதம் வருகிற அன்றே விண்ணப்பிக்கும்படி மற்ற எல்லாத் தாள்களும் செப்டம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும். கல்லூரியின் பரிந்துரை இல்லாமல் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் போகிறவர் அங்கே கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. தனியாகச் சேரும் இந்திய மாணவருக்கோ 2011 முதல் முழுக் கட்டணம். அதனால் பரிந்துரைக் கடிதம்தான் உங்கள் முதல் வேலை.

மற்ற சிக்கல்களுக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஸ்வீடனில் நீங்கள் இருக்கப்போவது ஒரு வருடத்துக்கும் குறைவு. அந்த நாட்டின் ஏற்பாடுகள் எல்லாம் ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்குபவரை நினைத்துச் செய்தவை. உங்களுக்கு வரப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடைவெளியிலிருந்துதான் வரும்.

முதலில் அனுமதி. தங்குவது மூன்று மாதத்துக்கு மேல் என்பதால் ஷெங்கன் விசா போதாது, குடியிருப்பு அனுமதி வேண்டும். விண்ணப்பம் மிக்ரேஷன்ஸ்வெர்கெட் என்கிற குடிபெயர்வு அலுவலகத்துக்கு, ஆன்லைனில். கட்டணம் 1,500 குரோனர். மாதச் செலவுக்கு இவ்வளவு இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகை ஆண்டுதோறும் மாறும். 2025-ல் அது மாதம் 10,584 குரோனர். அந்தக் கணக்கில் ஐந்து மாதத்துக்கு 52,920 குரோனர். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டு, ரூபாய் மதிப்பு இறங்கினாலும் தாங்கும்படி பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள்.

தொகையைவிட அது யார் கணக்கில் இருக்கிறது என்பதில்தான் நம் ஊர் விண்ணப்பங்கள் அடிபடுகின்றன. அப்பாவின் சேமிப்புக் கணக்கு, அம்மா பெயரில் வைப்புநிதி, அதோடு 'நான் என் மகனுக்குச் செலவு செய்கிறேன்' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம். இவை எடுபடாது. பணம் உங்கள் பெயரில், நீங்கள் நினைத்தபோது எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். கல்விக்கடன் என்றால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தை மட்டும் நம்பாமல், முடிந்தால் பணம் உங்கள் கணக்குக்கு வந்தபின் ஸ்டேட்மென்ட் எடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் காலாவதி என்றால் இப்போதே புதுப்பியுங்கள். பாதியில் புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறி, வேலை இரட்டிப்பாகும். புகைப்படமும் கைரேகையும் தர நேரில் போக வேண்டியிருக்கும். அனுமதி அட்டை கையில் வருமுன் விமானம் ஏற முடியாது. ஆகவே தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

ஒரு வருடத்துக்குக் குறைவாகப் படிப்பவர் முழுமையான மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதிக்கான நிபந்தனை. பரிமாற்ற மாணவர்களுக்கு ஸ்வீடன் அரசு நிறுவனமான காம்மர்கொல்லேகியெட் வழியாக 'ஸ்டூடன்ட் இன்' என்ற காப்பீட்டைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துத் தருவதுண்டு. உங்களுக்கு உண்டா என்று கேட்டு, சான்றிதழை விண்ணப்பத்தோடு இணையுங்கள். பல், கண்ணாடி விஷயங்களை இங்கேயே முடித்துவிடுங்கள். சொத்தைப் பல்லோடு போகாதீர்கள், மாற்றுக் கண்ணாடி ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அங்கே உடம்புக்கு முடியாவிட்டால் 1177-க்கு அழைத்தால் நர்ஸ் பேசுவார், ஆங்கிலத்திலேயே பேசலாம். உயிர் ஆபத்து என்றால் 112.

அடுத்தது, எல்லாரும் போய் இறங்கியபின் கண்டுபிடிக்கும் விஷயம். ஸ்வீடனில் ஒவ்வொருவருக்கும் பெர்சோன்நும்மர் என்று ஓர் அடையாள எண் உண்டு. நம் ஆதார் போல, ஆனால் அதைவிட ஆழமாக எல்லாவற்றிலும் பின்னியது. குறைந்தது ஒரு வருடம் தங்குபவருக்குத்தான் அது கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. அது இல்லாமல் உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்குவது பெரும்பாடு. வங்கிக் கணக்கு இல்லாமல், இணையத்தில் அடையாளம் காட்டும் பேங்க்ஐடி இல்லை, ஸ்விஷ் இல்லை. ஸ்விஷ் நம் யுபிஐ மாதிரி. நண்பர்கள் பீட்சா பங்கைப் பிரிப்பது முதல் பழைய சைக்கிள் வாங்குவது வரை அதில்தான். ரொக்கம் உதவாது, பேருந்துகளிலும் பல கடைகளிலும் வாங்கவே மாட்டார்கள். எனவே வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகளைக் கொண்டு போங்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே இயக்கிவிடுங்கள். உங்கள் இந்தியச் சிம்மை உயிரோடு வைத்திருங்கள்: ரோமிங் இயக்கி, ஜூன் வரை வேலிடிட்டி இருக்கும்படி ரீசார்ஜ் செய்து. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாடகை கட்டும் நாளில் ஓடிபி வராமல் போனால் பக்கத்தில் உதவ ஆள் இருக்காது. ஸ்வீடன் ப்ரீபெய்டு சிம் பெட்டிக்கடைகளிலேயே கிடைக்கும், பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

இனி படிப்பு. ஒரு செமஸ்டருக்கு 30 புள்ளிகள், அதாவது கிரெடிட். ஒரு வாரம், 40 மணி நேர உழைப்புக்கு 1.5 புள்ளி என்பது கணக்கு. லின்ஷோப்பிங்கில் பொறியியல் பாடங்கள் பெரும்பாலும் 6 புள்ளி, அதாவது 160 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் இதில் சிறு பங்குதான், மீதி நீங்களே படிக்க வேண்டியது. டைம்டேபிளில் காலியிடம் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். செமஸ்டர் இரண்டு பாதிகளாகப் பிரியும். முதல் பாதியின் தேர்வு மார்ச்சிலேயே வந்துவிடும். குளிருக்குப் பழகி நிமிர்வதற்குள் இரண்டு, மூன்று பாடங்கள் முடிந்திருக்கும்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்தப் பாதி, எந்த நேரத் தொகுதி என்று போட்டிருக்கும். தொகுதிகள் 1 முதல் 4 வரை. ஒரே பாதியில் ஒரே எண் கொண்ட இரண்டு பாடங்களை எடுத்தால் வகுப்புகள் மோதும். இரண்டு பாதிக்கும் தலா 12 முதல் 18 புள்ளி வரும்படி பிரியுங்கள், 24-ஐ ஒரே பாதியில் ஏற்றாதீர்கள். ஆங்கிலத்தில் நடப்பவை பெரும்பாலும் முதுநிலைப் பாடங்கள். முன்தகுதி என்ன கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு, இரண்டு பாடங்களைக் கூடுதலாகக் கல்லூரியில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் மாற்றினால் இங்கே எழுத்தில் மறுபடி ஒப்புதல் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் 'சரிப்பா' என்று பேராசிரியர் சொன்னது தேர்வுப் பிரிவில் செல்லாது.

ஒரு பாடம் ஒரே மதிப்பெண் அல்ல என்பதையும் கவனியுங்கள். எழுத்துத் தேர்வு தனிக் கூறு, ஆய்வகம் தனிக் கூறு. 6 புள்ளியில் தேர்வுக்கு 4, ஆய்வகத்துக்கு 2 என்று இருக்கலாம். தேர்வில் நன்றாக எழுதியும் ஒரு லேப் ரிப்போர்ட் திருத்தத்துக்குத் திரும்பிவந்து, அதை மறுபடி கொடுக்காமல் விட்டால் பாடம் முடியாது. சான்றிதழில் முழுப் பாடமாக வராது, இங்கே கிரெடிட் மாற்றவும் முடியாது. லெக்சருக்கு வருகைப் பதிவு பொதுவாக இல்லை. லேபுக்கு உண்டு.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாடத்தில் சேர்ந்தாயிற்றே என்று இருந்துவிட்டால் தேர்வறையில் உங்களுக்கு இடம் இருக்காது. லின்ஷோப்பிங்கில் பதிவு தேர்வுக்கு 10 நாள் முன்பே மூடிவிடும். இன்றே போனில் நினைவூட்டல் வைக்கலாம் என்கிற அளவுக்கு இது முக்கியம். ஜூன் தேர்வில் தவறினால் மறுதேர்வு பொதுவாக ஆகஸ்டில், நீங்கள் கோவையில் இருப்பீர்கள். ஆகவே இரண்டாம் பாதியில் கடினமான பாடத்தை வைக்காதீர்கள், அதை முதல் பாதிக்குத் தள்ளுங்கள். நண்பரின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுவது இங்கே திட்டோடு போகும். அங்கே ஒழுங்குக் குழுவுக்குப் போகும், அதிகபட்சத் தண்டனை ஆறு மாத இடைநீக்கம். உங்கள் மொத்தத் தங்கலைவிட அது நீளம்.

வீட்டு விஷயத்தில் பல்கலைக்கழகத்தின் வழியாக வரும் அறையையே எடுங்கள். அறை கிடைக்கவில்லை என்று ஃபேஸ்புக் குழுவில் தேடும்போதுதான் மோசடிக்காரர் வருவார்: படம் அழகாக, வாடகை குறைவாக, 'வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்'. நேரில் அறையைப் பார்க்காமல் ஒரு குரோனர்கூட அனுப்பாதீர்கள். மாணவர் விடுதிகளில் வழக்கமான ஏற்பாடு காரிடார் அறை. உங்களுக்கு ஓர் அறை, எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு சமையலறை.

அந்தச் சமையலறையில் தாளிப்புதான் சோதனை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது புகை கிளம்பும். புகை போகட்டும் என்று கை தானாகக் கதவைத் திறக்கும். அதுதான் தவறு. கதவு திறந்தால் புகை நடைவழிக்குப் போய் அங்குள்ள புகை உணர்வியைத் தட்டும், கட்டிடமே வெளியே வந்து பனியில் நிற்கும், தீயணைப்பு வண்டி வந்த செலவு உங்கள் பெயருக்கு வரலாம். அடுப்பின் மேலுள்ள விசிறியை எண்ணெய் ஊற்றும் முன்பே போடுங்கள், நடைவழிக் கதவை மூடியே வைத்து ஜன்னலைத் திறங்கள், மிளகாயைக் கடைசியில் போடுங்கள். குக்கர் கொண்டு போவதானால் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், இண்டக்ஷன் அடுப்பில் வெறும் அலுமினியம் சூடேறாது. இரும்புத் தட்டு அடுப்பு என்றால் அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். மூன்றாவது விசிலுக்குக் குக்கரையே நகர்த்த வேண்டும். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட், மிக்ஸி ஓடும், மூன்று முனை பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

துணி துவைக்கும் அறைக்கு முன்பதிவு உண்டு. உங்கள் நேரத்துக்குத் தாமதமாகப் போனால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். முடித்ததும் டிரையரின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். அக்கம்பக்கத்தார் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான்.

பெட்டியில் நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி வகை எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. காயவைத்துப் பொடித்த பருப்புப்பொடி, சாம்பார்பொடி, புளி போதும். அரிசி, பருப்பு அங்கேயே கிடைக்கும். குளிர் உடையை இங்கே வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். உள்ளே போடும் வெப்ப உடை இரண்டு செட் மட்டும் எடுத்துப் போய், ஜாக்கெட்டை அங்கே பழைய துணிக்கடைகளில் வாங்குங்கள். ஷூ மட்டும் புதிது: ரப்பர் அடி, தடித்த காலுறைக்கு இடம் விட்டு ஒரு அளவு பெரிது. ஜனவரியில் எட்டரை மணிக்கு மேல்தான் விடியும், மாலை நாலுக்குள் இருட்டும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். இருட்டில் ஓட்டும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு சட்டப்படி கட்டாயம்.

கிளம்பும் வாரத்தில் அறையைத் தேய்த்துக் கழுவி ஒப்படைக்க வேண்டும், ஓவனும் ஃப்ரிட்ஜும் உட்பட. பார்வையிட வருபவருக்குத் திருப்தி இல்லையென்றால் துப்புரவுக் கட்டணம் வரும். லாடோக் என்ற மாணவர் கணக்கில் உங்கள் முடிவுகள் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, சரிபார்க்கக்கூடிய மின் சான்றிதழை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கூடவே பிடிஎஃபாக வையுங்கள். கிரெடிட் மாற்றும்போது உங்கள் கல்லூரி முதலில் கேட்பது அதைத்தான்.