இலையில்லாத மஞ்சள் பூ யாருடைய வேரில் நிற்கிறது?

கேள்வி: டீச்சர், வணக்கம். சொந்த ஊர் கும்பகோணம், வேலை அபுதாபியில். போன பிப்ரவரி கடைசியில் ருவைஸ் போகும் வழியில் வண்டியை நிறுத்தியபோது, உப்புப் பூத்த வெறுந்தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பூந்தண்டு தனியாக நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. நட்டு வைத்த பிளாஸ்டிக் பூவோ என்று தொட்டே பார்த்தேன். இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன செடி? இதன் தண்டு சீன மருந்து, நல்ல விலைக்குப் போகும் என்கிறார் அறை நண்பர். விதை எடுத்து ஊருக்குக் கொண்டு வரலாமா?

பதில்: தம்பி, உங்கள் முதல் படம் பூவை அழகாகக் காட்டுகிறது. ஆனால் எனக்கு விடை சொன்னது இரண்டாவது படத்தின் இடது ஓரம். அங்கே தரையோடு தரையாக ஒரு குத்துச்செடி தெரிகிறது பாருங்கள், நீர் கோத்த குட்டிக் குட்டி உருளை இலைகளோடு. அது நம் நெருஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வளைகுடாக் கடலோரம் முழுக்க உண்டு, அரபியர் ஹர்ம் என்பார்கள். உங்கள் மஞ்சள் பூ அதன் வேரில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பூவின் அறிவியல் பெயர் சிஸ்டாங்கி டுபுலோசா. அங்குள்ளவர்கள் தானூன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பாலைவன ஹயசிந்த் என்று ஒரு பெயர் உண்டு. தோட்டத்து ஹயசிந்துக்கும் இதற்கும் உறவு கிடையாது, நம் குளத்து ஆகாயத்தாமரைக்கும் கிடையாது. இது முழு ஒட்டுண்ணி. உடம்பில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாதபோது இலை எதற்கு? தண்டில் செதில் செதிலாக ஒட்டியிருப்பதுதான் மிச்சமிருக்கும் இலை. மண்ணுக்குள் உறிஞ்சு வேரை இன்னொரு செடியின் வேருக்குள் நுழைத்து, நீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான் வாழ்க்கை. மழை பெய்த குளிர்காலம் முடியும்போது சில வாரம் வெளியே வந்து பூக்கும். வெயில் ஏறியதும் கரிக்கட்டைபோலக் கறுத்துவிடும். தூசி போன்ற அதன் விதைகள் காற்றில் போய் எங்கெங்கோ விழும். பக்கத்தில் தோதான வேர் ஒன்று வந்து, அது கசியவிடும் வேதிப்பொருள் எட்டினால்தான் விதை முளைக்கும். இல்லாவிட்டால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

அபுதாபியில் 14 ஆண்டுகள் உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். முதல் வருடம் இதே மாதிரி ஒரு பூவைப் பார்த்துவிட்டு, அது எந்த வேரில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நானும் என் கணவரும் தோண்டினோம். வெளியே தெரிந்ததைவிட உள்ளே அதிகம் இருந்தது. கீழே போகப் போகத் தண்டு தடித்து, வெளுத்து, முள்ளங்கிபோல நீர் கோத்திருந்தது. முழங்கை ஆழம் போனபோது முறிந்தது. வேரைக் கடைசிவரை பார்க்கவில்லை. மறு வருடம் அதே இடத்துக்குப் போனேன். ஒன்றும் முளைத்திருக்கவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான். அதற்கப்புறம் என் மாணவர்கள் யாரையும் தோண்ட விட்டதில்லை. படம் எடுக்கும்போது சுற்றி நாலைந்து தப்படிக்குள் நிற்கும் எல்லாச் செடிகளையும் சேர்த்து எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒட்டுண்ணியை அடையாளம் காண அதன் அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டும்.

சரி, பூவிடமும் கேட்போம். அடுத்த பிப்ரவரியில் போனால் ஒரு பூவை மட்டும் விரித்துப் பாருங்கள். தானூன் என்றால் பூ அகலமான குழல், வாயில் ஐந்து இதழ் மடல்கள், ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வெளியே புல்லி வட்டமும் ஐந்து வட்ட மடல்களாக இருக்கும். உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள், இரண்டு நீளம், இரண்டு குட்டை. மகரந்தப் பைகளில் பஞ்சு ஒட்டியதுபோல மயிர் இருக்கும். கீழிருந்து மேலாகப் பூக்கும் என்பதால் உச்சியில் மொட்டுகள் இருக்கும். அவற்றில் செங்கருநீலச் சாயல் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

அதே மணலில் ஓரோபாங்கி என்ற சொந்தக்காரரும் உண்டு. ஆள் சிறியவர். பூ ஊதா கலந்து, வளைந்து கீழ்நோக்கும். மேல் உதடு, கீழ் உதடு என்று இரண்டாகப் பிளந்திருக்கும். புல்லியும் இடம் வலமாக இரண்டு துண்டு. இந்த ஒரு சோதனை போதும். மூன்றாவதாக தர்தூத் என்று ஒன்று வரலாம், அது இந்தக் குடும்பமே இல்லை. கருஞ்சிவப்பு உலக்கைக் கொழுந்துபோல மண்ணிலிருந்து எழும், பூக்கள் தனியாகத் தெரியாத அளவுக்குப் பொடியாக நெருங்கியிருக்கும். ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் அதைக் காளான் என்றே நினைத்து மால்டாக் காளான் என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து விஷயம். சீன மருத்துவத்தில் பெயர் பெற்றது இதன் உறவான சிஸ்டாங்கி டெசர்ட்டிகோலா. தானாக வளர்ந்ததை அளவுக்கு மீறித் தோண்டியதால், 2000இல் அதை சைட்டீஸ் ஒப்பந்தத்தின், அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். டுபுலோசாவையும் சீனாவின் சின்ஜியாங்கில் சவுக்கு போன்ற தமரிஸ்க் செடிகளின் வேரில் பயிராகவே வளர்க்கிறார்கள். உப்புத்தரையில் யாரோ சொன்னார் என்று பிடுங்கி உண்பதற்கானது அல்ல. உங்கள் நண்பரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விதை வேண்டாம், தம்பி. அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவதை நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை தடுக்கிறது. ஒட்டுண்ணி விதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்தப் பூவை இந்தியாவிலேயே பார்க்க ஆசையென்றால் ராஜஸ்தான் பாலைக்கும் கட்ச்சுக்கும் போகலாம். அங்கே எருக்கு வேரில்கூட முளைக்கும்.

கேள்வி: அம்மா, வேடசந்தூர் பக்கம் புகையிலை போடுகிறோம். மூன்று வருடமாக வயலில் காளான் முளைத்துச் செடியைத் தேய வைக்கிறது. காளானுக்கான மருந்து அடித்தும் பலன் இல்லையே, ஏன்?

பதில்: பெயர்தான் புகையிலைக் காளான், ஐயா. அது காளான் இல்லை, பூக்கும் செடி. மேலே சொன்ன ஓரோபாங்கி இதுதான். பச்சை இல்லாததைக் கண்டால் காளான் என்று நினைப்பது மால்டாவிலும் நடந்தது, நம் ஊரிலும் நடந்தது. பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது; உங்கள் பணம்தான் போகும்.

இதன் விதை மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரே போகத்தில் தீராது. அடுத்த பட்டத்தில் அந்த வயலில் எள், உளுந்து, பாசிப்பயறு, சோளம் இதில் ஒன்றைப் போடுங்கள். அவற்றின் வேர் விடும் வாசனையில் ஒட்டுண்ணி விதை ஏமாந்து முளைக்கும், ஒட்ட இடம் கிடைக்காமல் செத்துவிடும். புகையிலை நிற்கும்போது வாரம் ஒருமுறை வயலைச் சுற்றி வந்து, தலை காட்டும் தண்டுகளைப் பூ விரியும் முன் கையால் பிடுங்குங்கள். பிடுங்கியதை வரப்பில் போட்டுவிடாதீர்கள். பிடுங்கிய தண்டிலும் விதை முற்றிவிடும். வயலுக்கு வெளியே கொண்டுபோய் உலர்த்தி எரித்துவிடுங்கள்.