18 வருட ஹெலிகாப்டர் அனுபவம் வெளியே செல்லுபடியாகுமா?

கேள்வி: ராணுவ ஹெலிகாப்டர் பிரிவில் 18 வருடங்களாக மெக்கானிக்காக இருக்கிறேன். எல்லாமே எம்ஐ-17 என்ற ரஷ்ய ஹெலிகாப்டர்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டர் வேலைகள். கடைசி நான்கு வருடங்களாக மற்றவர்கள் முடித்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு. இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. சில சிவில் நிறுவனங்களுக்கு பயோடேட்டா அனுப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது: "லைசென்ஸ் இருக்கிறதா?" இல்லை. (ஒருமுறை ஒரு முக்கியப் பிரமுகர் கிளம்பும் நேரத்தில், கியர்பாக்ஸ் எண்ணெயில் உலோகத் துகள் இருப்பதைப் பார்த்து ஹெலிகாப்டரை நிறுத்திவைத்தேன். முதலில் திட்டு விழுந்தது, பிறகு பாராட்டினார்கள். இதையெல்லாம் பயோடேட்டாவில் போட முடியாதே!) தெரிந்தவர் ஒருவர் செக்யூரிட்டி நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொல்கிறார். வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் மனைவி. கற்ற தொழிலை விட்டுவிடத்தான் வேண்டுமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விட வேண்டாம். இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்கவே வேண்டாம்.

உங்களிடம் வேலை தெரியவில்லை என்று அந்த நிறுவனங்கள் நினைக்கவில்லை. உங்களுக்கு வேலை தெரியும் என்பதை அவர்களால் சரிபார்க்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பிரச்சினை முழுவதும். படையில் உங்களைப் பற்றிச் சொல்ல உங்கள் மேலதிகாரி இருக்கிறார், உங்கள் பிரிவின் பெயர் இருக்கிறது. வெளியே அந்தச் சாட்சிகள் யாரும் உங்களோடு வரமாட்டார்கள். காகிதம்தான் பேச வேண்டும். அந்தக் காகிதங்களைச் சேர்க்க மிக நல்ல நேரம், நீங்கள் இன்னும் சீருடையில் இருக்கும் இந்த இரண்டு வருடம்தான். வெளியே வந்தபின் பழைய பணிப் பதிவேட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்றால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

அதனால் இன்றைக்கே ஒரு வேலைப் பதிவு நோட்டைத் தொடங்குங்கள். தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், செய்த வேலை, நீங்கள் செய்தீர்களா மேற்பார்வையிட்டீர்களா, அதை உறுதிசெய்யும் அதிகாரியின் கையெழுத்து. இதில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: வேலைகளை ஏடிஏ அத்தியாய எண்படி, அதாவது விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு எண் தரும் பொது வரிசைப்படி, வகைபிரித்து எழுதுங்கள். சிவில் விமானப் பராமரிப்புக் கையேடுகள் பெரும்பாலும் இந்த எண் வரிசையில்தான் ஓடுகின்றன. மெயின் ரோட்டர் 62, அதை இயக்கும் கியர்பாக்ஸும் தண்டுகளும் 63, டெயில் ரோட்டர் 64, அதன் டிரைவ் 65, ஹைட்ராலிக்ஸ் 29, இன்ஜின் 72. "டெயில் ரோட்டர் டிரைவ் ஷாஃப்ட் மாற்றினேன், 65" என்று ஒரு வரி இருந்தால், உங்கள் ஹெலிகாப்டரைக் கண்ணால் பார்த்திராத ஒரு பராமரிப்பு மேலாளருக்கும் நீங்கள் எதில் கை வைத்தீர்கள் என்பது நொடியில் புரியும். ஒரே வேலையை நூறு முறை எழுதி நோட்டை நிரப்ப வேண்டாம். பலவகை வேலைகள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். இதுவரை அதிகம் தொடாத அமைப்பு ஏதாவது இருந்தால், இந்த இரண்டு வருடத்தில் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பிரிவில் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள். ஆயுத அமைப்புகள், தயார்நிலை விவரங்கள், எங்கே எப்போது பறந்தது போன்றவை நோட்டிலும் வேண்டாம், பயோடேட்டாவிலும் வேண்டாம். அவை இல்லாமலே உங்கள் திறமை முழுதாகத் தெரியும்.

சரி, லைசென்ஸ், அதாவது முடிந்த பராமரிப்பு வேலைக்குக் கையெழுத்திடத் தேவையான உரிமம். இதில் நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறீர்களோ அந்த நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை நீங்களே படித்துவிட வேண்டும். பெரிய அமைப்புகள் இரண்டைச் சொல்கிறேன். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏவின் முறையில் பார்ட்-66 லைசென்ஸ். இதை ஒட்டிய முறையைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. டர்பைன் ஹெலிகாப்டருக்கு பி1.3 பிரிவு, டர்பைன் விமானத்துக்கு பி1.1, மின்னணு அமைப்புகளுக்கு பி2. ராணுவ அனுபவத்தை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதோடு சிவில் பராமரிப்பில் குறைந்தது 12 மாத அனுபவம் பி பிரிவுகளுக்குக் கூடுதலாக வேண்டும். தேர்வுகள் மாட்யூல் மாட்யூலாக, அதாவது பாடம் பாடமாக நடக்கும். தேர்ச்சிக்கு 75 சதவீதம். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று: தேர்வில் தேறிவிட்டு 10 வருடத்துக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் போதும். அதாவது ஓய்வுக்குக் காத்திருக்காமல் இப்போதே எழுத ஆரம்பிக்கலாம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் முறையில் ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), பவர்பிளாண்ட் (இன்ஜின்) என்று இரண்டு ரேட்டிங், அதாவது தகுதிப் பிரிவுகள். ஒன்றுக்கு 18 மாத நடைமுறை அனுபவம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம். ராணுவத்தில் பெற்ற அனுபவத்தை ஆவணங்களோடு காட்டி ஆய்வாளரைத் திருப்திப்படுத்தினால், எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகளுக்கு உட்கார அனுமதி கிடைக்கும். இரண்டு முறையிலும் ஆவணம் இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. நோட்டு, நோட்டு என்று நான் அடித்துக்கொள்வது அதனால்தான்.

பி1.3 எடுப்பதா, பி1.1-க்கும் சேர்த்துப் படிப்பதா என்ற கேள்வி உங்களுக்கு வரும். ஹெலிகாப்டர் உங்களுக்குக் கைவந்த கலை, அதனால் முதலில் அதை முடியுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்பது என் கருத்து. உலகத்தில் ஹெலிகாப்டர் வேலைகளைவிட விமான வேலைகள் மிக அதிகம். கேஸ் டர்பைன் இன்ஜின், அதாவது மாட்யூல் 15, இரண்டுக்கும் பொது. பி1.1-க்காக நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது பெரும்பாலும் விமானத்தின் கட்டமைப்பும் அமைப்புகளும் அடங்கிய மாட்யூல் 11, அப்புறம் புரொப்பெல்லர் பற்றிய மாட்யூல் 17. நீங்கள் பழகிய ஹெலிகாப்டருக்கே எம்ஐ-171 என்ற சிவில் வடிவம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மனிதாபிமான உதவிப் பணிகளுக்காக ஐ.நா. அமைப்புகள் வாடகைக்கு எடுக்கும் ஹெலிகாப்டர்களில் உங்கள் எம்ஐ-17 பிறந்த எம்ஐ-8 குடும்பத்தைச் சேர்ந்தவை பல. அங்கே உங்கள் அனுபவம் நேரடியாகப் பேசும்.

இப்போது பயோடேட்டா. நீங்கள் இணைத்திருந்த பிரதியில் முதல் வரி இப்படி இருக்கிறது: "பிரிவின் முழுத் தயார்நிலையை உறுதிசெய்யும் மூத்த தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்." படையில் இருப்பவருக்கு இது கம்பீரமான வரி. வெளியே இருப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. எத்தனை ஹெலிகாப்டர்? என்ன வேலை? யார் கையெழுத்து? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எம்ஐ-17 ஹெலிகாப்டரில் 18 வருடப் பராமரிப்பு அனுபவம். மெயின் கியர்பாக்ஸ் மாற்றுதல், இன்ஜின் மாற்றுதல், போரோஸ்கோப் சோதனை, ரோட்டர் டிராக் அண்ட் பேலன்ஸ். கடைசி நான்கு வருடம், பறக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளில் மற்றவர்கள் செய்த வேலையைத் தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அதிகாரம்." பதவிப் பெயர் எங்குமே இல்லை, ஆனால் ஆள் முழுதாகத் தெரிகிறார். உங்கள் கீழ் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதையும் சேருங்கள், அனுமதி இருந்தால்.

அப்புறம், நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட அந்தச் சம்பவம். பிரமுகரின் பெயர், தேதி எதுவும் வேண்டாம். "புறப்படும் நேரத்தில் சிப் டிடெக்டரில் உலோகத் துகள் கண்டு, அழுத்தத்துக்கு இணங்காமல் ஹெலிகாப்டரைப் பறக்க விடாமல் நிறுத்தினேன்" என்று ஒரே வரி. சிவில் விமானத் துறை இந்த மாதிரி ஆளைத்தான் தேடுகிறது. நேர்காணலில் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்பார்கள்: பயணிகள் காத்திருக்கிறார்கள், மேலாளர் அவசரப்படுத்துகிறார், ஒரு வேலைக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை, என்ன செய்வீர்கள்? பலரும் புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்வார்கள். நீங்கள் நடந்ததைச் சொல்லலாம். துகள் எப்படி இருந்தது, கையேட்டில் என்ன பார்த்தீர்கள், யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், பிறகு கியர்பாக்ஸ் என்ன ஆனது என்று வரிசையாக, நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பராமரிப்பு நிறுவனங்களில் லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்குகளும் வேலை செய்கிறார்கள். அந்த 12 மாத சிவில் அனுபவமும் அங்கேயே கிடைக்கும். பராமரிப்புத் திட்டமிடல், தொழில்நுட்ப ஆவணங்கள், தர ஆய்வு, பாதுகாப்பு மேலாண்மை என்று கையெழுத்து அதிகாரம் தேவைப்படாத இடங்களும் உண்டு. உடைக்காமல் விரிசல் கண்டுபிடிக்கும் என்டிடி சோதனை உங்களுக்குத் தெரியும் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அதற்கான என்ஏஎஸ் 410, இஎன் 4179 என்ற தரநிலைகளின்படி பெறும் தகுதிச் சான்றுகளுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

இதே கேள்வியை விமானிகளும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் அடிக்கடி அனுப்புகிறார்கள். அவர்களுக்குச் சுருக்கமாக: விமானிகளுக்குப் பெரிய சிக்கல் பறந்த மணிக்கணக்கு. சிவில் கணக்கு, விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியது முதல் முழுதாக நிற்பது வரை. படைகளில் பெரும்பாலும் மேலே எழுந்து கீழே இறங்கும்வரைதான். சில நிறுவனங்கள் இந்த வித்தியாசத்துக்காக ஒவ்வொரு பறப்புக்கும் சில நிமிடங்களைச் சேர்க்க அனுமதிக்கின்றன. அதனால் எத்தனை முறை பறந்தீர்கள் என்ற எண்ணிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். அமெரிக்காவில் ஏர்லைன் விமானிக்கு 1,500 மணி வேண்டும் என்ற விதியில், ராணுவ விமானிகள் 750 மணியிலேயே துணை விமானியாகச் சேர வழி இருக்கிறது. சர்வதேசப் பறத்தலில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) மொழித்திறன் அளவில் குறைந்தது 4-ஆம் நிலை தேவை. 4-இல் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வு.

திரும்ப உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு வருடம் உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர் ஒருவர், லைசென்ஸ் வைத்திருப்பவர், உங்கள் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். சம்பளமும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் தொடங்கும். அந்தக் காலத்துக்கு வீட்டுச் செலவு எப்படி என்று இருவரும் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தேர்வுக் கட்டணம், புத்தகம், பயிற்சிச் செலவு எல்லாவற்றையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கு எந்த விதத்திலும் ஒத்துவராவிட்டால் அந்த மேற்பார்வையாளர் வேலையைப் பிடித்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அதில் வருடக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் அண்மை அனுபவத்துக்குத் தனி மதிப்பு. ஈஏஎஸ்ஏ முறையில், லைசென்ஸ் வாங்கியவரே முந்தைய இரண்டு வருடத்தில் ஆறு மாதம் பராமரிப்பு வேலை செய்திருந்தால்தான் கையெழுத்திட முடியும். லைசென்ஸ் இல்லாதவருக்கு இடைவெளி இன்னும் கடினம்.

எந்தத் தேர்வில் தொடங்குவது என்று கேட்டால், மாட்யூல் 10-இல் தொடங்குங்கள் என்பேன். அது விமானச் சட்டம். இன்ஜினும் ரோட்டரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிவில் உலகில் யார் எந்த அதிகாரத்தில் கையெழுத்திடுகிறார்கள் என்பதுதான் உங்களுக்குப் புதிது. அதற்கடுத்து மனிதக் காரணிகள் பற்றிய மாட்யூல் 9. இந்த இரண்டையும் முடித்துவிட்டு பயோடேட்டாவைத் திருத்தி, பதில் எழுதிய அந்த ஒரு நிறுவனத்துக்கே மறுபடி அனுப்புங்கள். லைசென்ஸ் பற்றி அவர்கள் கேட்டதற்கு, எந்தெந்த மாட்யூல் முடிந்தது, மீதி எப்போது என்று தேதியோடு பதில் சொல்ல உங்களிடம் இருக்கும்.